கடல் கடந்த கல்வியும் கையிற் கொண்ட சீட்டுகளும்

நம் சங்கத்தின் மாணவர் விடுதியிலே தங்கிப் படித்து வெளியேறிய பிள்ளைகள் சிலர், அண்மைக் காலமாக என்னிடம் ஒரு புதுவகை உதவியை நாடி வருகின்றனர். முன்பெல்லாம் சாதிச் சான்றிதழுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் மனு எழுதித் தரும்படி கேட்பார்கள். இப்பொழுதோ அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, மாணவர் விசாவுக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டும் என்கிறார்கள். கேட்கும்போது உள்ளம் பூரிக்கிறது. ஆனால் அவ்விண்ணப்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டும்போது பூரிப்புக் குறைந்து கவலை மிகுகிறது.

அவ்விண்ணப்பத்தின் நீண்ட படிவங்களையெல்லாம் சுருக்கினால் எஞ்சி நிற்பவை இரண்டே வினாக்கள். உன் படிப்புச் செலவைத் தாங்குகிறவர் யார்? படிப்பு முடிந்ததும் உன் நாட்டுக்குத் திரும்புவாயா? இவ்விரண்டிலும் சாதி என்ற சொல்லே கிடையாது. எந்தத் தூதரக அதிகாரியும் நம் பிள்ளையைப் பார்த்து நீ எந்தத் தெரு என்று கேட்பதில்லை. ஆயினும் இவ்விரு வினாக்களுக்கும் விடையாக எடுத்து வைக்கும் தாள்கள் நிலத்திலிருந்தும், வீட்டிலிருந்தும், வங்கிக் கணக்கிலிருந்தும் வருகின்றன. நிலமும் வீடும் யாருக்கு இருந்தன, யாருக்கு இல்லை என்பது நாம் அறிந்த வரலாறுதானே! ஆகவே கடல் கடப்பதற்கு நம் மக்களிடம் காலந்தோறும் கேட்கப்பட்ட சீட்டுகளின் கதையை இவ்வெள்ளி விழா மலரில் எழுதி வைப்பது பொருத்தமெனக் கருதினேன்.

கடல் கடந்து செல்வது நமக்குப் புதிதன்று. 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைத் துறையினின்று புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் அதுவே. அதில் 342 பேர் சென்றனர். அவ்வழி தொடர்ந்து சென்றவர்களின் கப்பற் பட்டியல்கள் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடலில் உள்ள வடு அல்லது மச்சம் என்று வரிசையாகப் பத்திகள். சாதிப் பத்தியில் நம்மவர் பெயர் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். அச்சீட்டுக்காக அவர்களிடம் சொத்து மதிப்பு எவரும் கேட்கவில்லை. செலவைத் தாங்குகிறவர் யார் என்றும் கேட்கவில்லை. தோட்ட முதலாளி தாங்கினான். கைகால் வலுவாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தார், அவ்வளவே.

அதே காலத்தில் உயர்சாதி இந்துக்களுக்குக் கடற்பயணம் ஆகாத செயலாயிருந்தது. கப்பலேறிச் சென்று திரும்பியவரைப் பிராயச்சித்தம் செய்யச் சொன்னார்கள். சாதியை விட்டு விலக்கியும் வைத்தார்கள். கணித மேதை இராமானுஜன் 1914ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறுவதற்கு முன், குடும்பத்தாரின் தயக்கத்தால் முதலில் மறுத்துவிட்டார் என்பது பலரும் அறிந்ததே. நம் மக்களுக்கு அந்தத் தடை இல்லை. இழப்பதற்குச் சாதிப் பெருமை எதுவும் இல்லாததால் கடல் அவர்களுக்குத் தீட்டாகவில்லை. ஆனால் அவர்கள் சென்ற கப்பல் தோட்டத்துக்குச் சென்றது, கல்லூரிக்குச் செல்லவில்லை.

லண்டன் மாநகரம் அக்காலத்து இந்தியப் படிப்பாளிகளுக்கு என்னவாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில் மட்டுமே நடந்து வந்தது. அதை இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் வற்புறுத்திய பொழுது, இரட்டைமலை சீனிவாசனார் முன்னின்ற பறையர் மகாஜன சபை, 1893ஆம் ஆண்டு அதை எதிர்த்து 3,412 பேர் கையொப்பமிட்ட மனுவொன்றைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. லண்டன் செல்ல நம்மவரில் ஒருவருக்கும் வசதியில்லாத நாளில், தேர்வு லண்டனிலேயே இருக்கட்டும் என்று நம் முன்னோர் கேட்டது இன்றைய இளைஞருக்கு விந்தையாகத் தோன்றும். தேர்வு இங்கே வந்தால் அதிகாரம் முழுவதும் உள்ளூர் உயர்சாதியார் கைக்குப் போய்விடும் என்பதே அவர்களுடைய அச்சம். தவறான அச்சம் என்று இன்றும் என்னாற் சொல்ல முடியவில்லை. சீனிவாசனாரும் பின்னர் லண்டன் செல்லும் நோக்கத்தோடு புறப்பட்டு, வழியில் நேட்டாலிலே தங்கி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அவர் லண்டனில் கால் வைத்தது 1930ஆம் ஆண்டு வட்டமேசை மாநாட்டுக்காக, டாக்டர் அம்பேத்கருடன்.

இனி அண்ணல் அம்பேத்கரின் பயணத்துக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1913ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருடைய தந்தையார் மறைந்தார். குடும்பத்துக்கு நிலமில்லை, சேமிப்புமில்லை. அந்நிலையில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட், அமெரிக்கா சென்று படிக்க மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை அளித்தார். அதற்கு ஈடாக, படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிவதாக அவ்வாண்டு ஜூன் 4ஆம் நாள் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். இன்றைய விசா அதிகாரி கேட்கும் இரு வினாக்களுக்கும் அந்த ஒரே ஒப்பந்தத்தில் விடை இருப்பதை நோக்குக. செலவை அரசு தாங்குகிறது; திரும்பி வருவதற்குக் கையொப்பம் இருக்கிறது. சொத்து எங்கே என்று எவரும் கேட்கவில்லை.

ஜூலை மாதம் அவர் நியூயார்க் துறையில் இறங்கியபோது அவரிடம் அமெரிக்க விசா இல்லை. ஒளிந்து நுழைந்தார் என்று யாரும் எண்ணிவிட வேண்டா. அந்நாளில் அப்படியொரு சீட்டு கேட்கப்படவே இல்லை. துறைமுகத்தில் அதிகாரிகளின் விசாரணை உண்டு. அதைக் கடந்தால் நகருக்குள் போகலாம். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1915ஆம் ஆண்டு எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே மாதம் இந்தியாவின் சாதிகளைப் பற்றிய தம் புகழ்பெற்ற ஆய்வுரையை அங்கே ஒரு கருத்தரங்கில் படித்தார். அவ்வாண்டே லண்டன் பொருளாதாரக் கல்லூரியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்துவிடவே, 1917ஆம் ஆண்டு படிப்பைப் பாதியில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. நான்காண்டுக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அநுமதியை மட்டும் பல்கலைக்கழகத்தில் பெற்றுக்கொண்டார். வேறொரு கப்பலில் வந்த அவருடைய நூல்கள், போர்க்காலத் தாக்குதலில் கப்பலோடு கடலில் மூழ்கின.

கையொப்பமிட்டபடியே பரோடாவுக்குப் பணியாற்றச் சென்றார். அமெரிக்காவின் உயர்ந்த பல்கலைக்கழகத்தில் படித்து வந்தவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகள் நடத்திய விடுதியொன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். பதினோராம் நாள், தடிகளோடு வந்த கூட்டமொன்று அவரை வெளியேறும்படி மிரட்டியது. நண்பர் இருவரிடம் இடம் கேட்டார். இருவரும் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தனர். ஒரு பூங்காவில் அமர்ந்து பொழுதைப் போக்கிவிட்டு, இரவு ரயிலேறிப் பம்பாய் திரும்பினார்.

இந்நிகழ்ச்சியையும், சிறுவனாயிருந்தபோது கோரேகான் செல்லும் வழியில் பட்ட துயரையும், இவை போன்ற பிறவற்றையும் 1930களின் நடுவில் அவர் எழுதி வைத்தார். அச்சிறு நூல் அவர் மறைந்து நெடுநாட்களுக்குப் பின், 1990ஆம் ஆண்டு மக்கள் கல்விக் கழகத்தாரால் வெளியிடப்பெற்றது. அதன் தலைப்பு ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்பதாகும். நூலைப் படிப்போர் அதிலே தூதரகத்தையோ விண்ணப்பப் படிவத்தையோ தேடினால் காணமாட்டார்கள். மாட்டு வண்டி, விடுதி, குதிரை வண்டி, கோட்டைக்குள் இருந்த குளம் ஆகியவையே அதில் வருகின்றன. அமெரிக்காவுக்குள் நுழைய விசா கேட்கப்படாத அவர், சொந்த நாட்டில் நடந்தவற்றை எழுதியபோது அச்சொல்லைத் தலைப்பாக்கினார்.

அவர் அயல்நாட்டிலிருந்த காலத்திலேயே உலகம் மாறிவிட்டது. முதல் உலகப் போரின்போது கடவுச்சீட்டு கட்டாயமாயிற்று. போருக்கென்று வந்த சீட்டு, போர் முடிந்த பின்னும் போகவில்லை. 1920ஆம் ஆண்டு இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. சிடென்ஹாம் கல்லூரியில் ஆசிரியராயிருந்து சேர்த்த பணத்தோடும், கோலாப்பூர் மன்னரின் உதவியோடும், நண்பர் நவல் பத்தேனா கொடுத்த கடனோடும் அவ்வாண்டு ஜூலையில் அண்ணல் மறுபடியும் லண்டன் சென்றார். 1923ஆம் ஆண்டு டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அமெரிக்காவோ 1917ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியா உள்ளிட்ட ஆசிய நாட்டாரின் குடியேற்றத்தைத் தடுத்தது. மாணவருக்கு விலக்களித்தது. 1924ஆம் ஆண்டுச் சட்டம், புறப்படும் நாட்டிலேயே அமெரிக்கத் தூதரக அலுவலரிடம் விசா பெற்று வரவேண்டும் என்ற முறையை நிலைநாட்டியது. இன்றைய மாணவர் விசாவாகிய எஃப்-1, 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் குழந்தை. விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் அமெரிக்காவிலேயே தங்கிவிட எண்ணுகிறவர் என்று அதிகாரி முதலில் கருத வேண்டும். அப்படியன்று என்று மெய்ப்பிப்பது விண்ணப்பிப்பவர் பொறுப்பு. இதுதான் அச்சட்டத்தின் 214 பி என்னும் பிரிவு. நேர்காணலில் மறுக்கப்படும் மாணவர் பலர் கையில் வாங்கிவரும் தாளில் இந்த எண்ணே இருக்கும்.

விடுதலை பெற்ற நாட்டிலாவது சீட்டு எளிதாயிற்றா? 1967 வரை கடவுச்சீட்டு இந்தியக் குடிமகனின் உரிமையாக இருக்கவில்லை. அரசு விரும்பினால் தரும் சலுகையாகவே இருந்தது. வெளிநாடு சென்று வறுமையுற்றால் நாட்டுக்கு இழுக்கு என்று சொல்லி, பொருள் வசதியுடையவர் ஒருவரின் உத்தரவாதத்தை அதிகாரிகள் கேட்டனர். எழுத்தறிவு குறைந்தோரும், கூலி வேலை செய்வோரும், துப்புரவுத் தொழிலாளரும் பிரிட்டனுக்குப் போவதை விரும்பாமல் கடவுச்சீட்டை மறுத்தனர். ‘கூலி நாடு’ என்ற பழைய பெயர் மீண்டும் வந்துவிடக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். கூலிகளாக ஏற்றப்பட்டபோது கேட்காத உத்தரவாதத்தை, குடிமக்களாகப் புறப்பட்டபோது கேட்டார்கள். 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அயல்நாட்டுப் பயணம் தனிமனித உரிமையுள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அதன் பின்பே, அவ்வாண்டிலேயே கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்காடியவர் ஒரு வணிகர். பயன் நமக்கும் கிட்டிற்று.

பிரிட்டனின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1962 வரை காமன்வெல்த் நாட்டாருக்கு அங்கே கட்டுப்பாடு இல்லை. அவ்வாண்டுச் சட்டம் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. 1986ஆம் ஆண்டு இந்தியருக்கு விசா கட்டாயமாயிற்று.

அந்தப் பழைய, தடையற்ற காலத்தில் லண்டன் சென்றவர்களுள் ஒருவர் கேரளத்து உழவூரில் பிறந்த கே.ஆர். நாராயணன். தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறியும் விரிவுரையாளர் பதவி மறுக்கப்பட்டது. ஜே.ஆர்.டி. டாட்டாவின் உதவித்தொகையோடு லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கியிடம் பயின்று 1948ஆம் ஆண்டு திரும்பினார். மறு ஆண்டு இந்திய அயலுறவுப் பணியில் சேர்ந்தார். 1980 முதல் 1984 வரை அமெரிக்காவுக்கான இந்தியத் தூதராக இருந்து, 1997ஆம் ஆண்டு குடியரசுத் தலைவரானார். அவருக்கும் செலவு தாங்க ஒருவர் வேண்டியிருந்தது என்பதையே இங்கே குறிக்க விரும்புகிறேன். பரோடா மன்னர் இல்லையேல் ஓர் அம்பேத்கர், டாட்டா இல்லையேல் ஒரு நாராயணன் என்ன ஆகியிருப்பர்? மன்னரும் முதலாளியும் எல்லா ஊர்களுக்கும் வாய்ப்பதில்லை.

இதை அண்ணல் நன்கறிந்திருந்தார். வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்த அவர், 1942 அக்டோபரில் வைசிராய் லின்லித்கோவிடம் அளித்த கோரிக்கை மனுவில், தாழ்த்தப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கு, அயல்நாட்டுக் கல்விக்கும் சேர்த்து, அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். ஒருவர் இரக்கத்தால் கொடுத்ததை அரசின் கடமையாக்க முயன்றார். நாடு விடுதலை பெற்றபின் 1954-55ஆம் ஆண்டு தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இன்று ஆண்டுக்கு 125 பேருக்கு இடம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்குள் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டு அரசும் அண்ணலின் பெயரால் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை வழங்கும் திட்டமொன்றை நடத்துகிறது. மத்திய அரசின் திட்டத்தில் இடம் பெறாத கிறித்தவ ஆதிதிராவிடருக்கும் இதில் இடமுண்டு.

அரசு தரும் உதவித்தொகைக் கடிதத்தின் அருமையை விசா விண்ணப்பம் நிரப்புகிறவரே அறிவர். பிரிட்டனுக்குப் போகும் மாணவன், கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்த தொகை தன் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ இடைவிடாமல் 28 நாட்கள் இருந்ததைக் காட்ட வேண்டும். அரசே முழுச் செலவையும் ஏற்றால் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டியதில்லை, கடிதமே போதும். ஜெர்மனிக்குப் போகிறவர் ஓராண்டுச் செலவுக்கென்று 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் போட்டு வைக்கக் கேட்கிறார்கள். உதவித்தொகை பெற்றவருக்கு அதன் கடிதமே அங்கும் சான்றாகும். ஒரு தாள், தலைமுறை தலைமுறையாக இல்லாத சொத்துக்கு மாற்றாக நிற்கிறது.

ஆகையால்தான் அந்தத் தாளில் நேரும் ஒவ்வொரு சுருக்கமும் வலிக்கிறது. 2022ஆம் ஆண்டு மத்திய அரசு தன் திட்ட விதிகளைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுக்கு உதவித்தொகை இல்லை என்றது. 1916ஆம் ஆண்டு நியூயார்க்கில் சாதிகளைப் பற்றி ஆய்வுரை படித்த மாணவர், இன்று அதே ஆய்வுக்காக விண்ணப்பித்தால் தள்ளுபடியாவார்! 2025ஆம் ஆண்டு ஜூலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 106 பேருள் 40 பேருக்கு மட்டுமே முதலில் கடிதம் வழங்கப்பட்டது. ஏனையோருக்கு நிதி கிடைப்பதைப் பொறுத்தே என்று அறிவித்தனர். செப்டம்பரில் வகுப்புத் தொடங்கும் மாணவனுக்கு ஜூலையில் கடிதம் கிடைக்காவிடில், விசா வாங்குவது எப்போது, விமானம் ஏறுவது எப்போது?

உதவித்தொகை இல்லாதவர் வங்கிக் கடனை நாடுகிறார். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கின்றன. நம்மிடம் இருக்கும் நிலம் எது? செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீரின் அறிக்கையின் பயனாக 1892ஆம் ஆண்டு வழங்கத் தொடங்கிய பஞ்சமி நிலம். அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. எஞ்சியதும் நம்மவரன்றிப் பிறருக்கு விற்கக் கூடாத நிலம். நம்மைக் காப்பதற்கென்று வைத்த அவ்விதி நல்லதே. ஆனால் ஏலத்தில் எல்லாருக்கும் விற்க முடியாத நிலத்தை ஈடாகப் பெற வங்கி மேலாளர் எளிதில் முன்வருவதில்லை. விடுதிப் பிள்ளை ஒருவனுக்காகப் பட்டாவை எடுத்துக்கொண்டு நான் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமல்ல. மூன்றாவது வங்கியில், ‘இதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது ஐயா?’ என்று மரியாதையாகவே கேட்டார்கள். அந்தப் பிள்ளை அவ்வாண்டு போகவில்லை. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகமே உதவித்தொகை தந்ததால் போனான்.

இந்த இடுக்கில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். 28 நாட்களுக்கு மட்டும் கணக்கில் பணம் போட்டுக் காட்டி வட்டியோடு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். பொய்த்தாள் காட்டியது வெளிப்பட்டால் பிரிட்டன் பத்தாண்டு வரை கதவை அடைக்கும். அமெரிக்கா நிலையாகவே அடைத்துவிடக் கூடும். அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர். விசா மறுக்கப்பட்டால் இவை திரும்பா. கூலி வேலை செய்து படிக்க வைத்த தாயின் பணம் அது.

இன்னொன்று, அற்பம் போலத் தோன்றுவது: பெயர். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. கடவுச்சீட்டில் முதலெழுத்தை விரித்து எழுத வேண்டும். விரிக்கும்போது பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும், சாதிச் சான்றிதழில் வேறுவிதமாகவும், ஆதாரில் மற்றொருவிதமாகவும் தந்தை பெயர் நிற்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத தந்தையின் பெயரை ஒவ்வோர் அலுவலகத்து எழுத்தரும் தத்தம் காதுக்குக் கேட்டபடி எழுதியதன் விளைவு இது. பிறப்புச் சான்றிதழோ பலருக்கு இல்லை. வீட்டிலே மருத்துவச்சி கையில் பிறந்தவர்கள். 1989 ஜனவரி 26க்குப் பின் பிறந்தவர் பிறப்புச் சான்றிதழ் காட்டியே தீரவேண்டும் என்றிருந்த விதியை 2016ஆம் ஆண்டு டிசம்பரில் தளர்த்தினார்கள். அதன்பின் பள்ளிச் சான்றிதழ், ஆதார் போன்றவற்றாலும் பிறந்த நாளைக் காட்ட வழி பிறந்தது. 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் மீண்டும் பிறப்புச் சான்றிதழே வேண்டும். இன்று கைக்குழந்தை வைத்திருக்கும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்வது நலம்.

விடுதி அலுவலக அறையில் ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் நான் இருப்பேன். அடுத்த ஆண்டு அயல்நாட்டில் சேர எண்ணுவோர் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பெற்றோரின் வருமானச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப்படிகளோடு வரலாம். கடவுச்சீட்டு இல்லாதோர் அதற்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் முன்பாக, தந்தையார் பெயர் எல்லாத் தாள்களிலும் ஒரே எழுத்துகளில் இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்ப்போம்.